பள்ளிக் கதைகளில் பொறிவண்டுக்கும் இடம் வேண்டும்

மாவுப்பூச்சி தாக்கிய செடியில், வெள்ளை மெழுகு போர்த்திய புழு ஒன்று ஊர்வதைக் கண்டால் நம் விவசாயி என்ன செய்வார்? தெளிப்பானைத் தோளில் மாட்டுவார். உண்மையில் அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். 1898ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நண்பன் அது. பார்வைக்கு எதிரியைப் போலவே இருப்பதுதான் அதற்குக் கஷ்டகாலம். துண்டுப் பிரசுரங்களில் இதை எத்தனையோ முறை எழுதியாயிற்று. பிரசுரம் டீக்கடையில் வடை மடிக்கப் போய்விடுகிறது. இதையே ஒரு கதையாக்கி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தால் தகப்பனார் காதில் விழாமல் போகாது என்பது என் அபிப்பிராயம்.

பள்ளி நூலகத்துக் கதைகளில் சிங்கமும் நரியும் தாராளமாக உண்டு. நம் வயலில் உள்ள தட்டான், சிலந்தி, தவளை ஆகியவை அபூர்வம். ஆந்தை வந்தால் பெரும்பாலும் அபசகுனமாகவே வருகிறது. கூகையோ இரவெல்லாம் எலி பிடித்து நெல்லைக் காக்கும் பறவை. அது உட்கார வயலில் ‘டி’ வடிவக் குச்சி நடுங்கள் என்றால், சகுனம் பார்த்துத் தயங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். சிறுவயதில் கேட்ட கதை ஐம்பது வயதிலும் வேலை செய்கிறது!

அதற்காக, “இயற்கையைக் காப்போம்” என்று கடைசி வரியில் உபதேசத்தை ஒட்டவைத்தால் போதாது. அந்த வரி வருமுன்பே பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னாலே சுவைதான். 2008ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மெழுகுப் போர்வை இருந்ததால் மருந்துக்கும் எளிதில் அடங்கவில்லை. 2010ல் கடல் கடந்து போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவற்றில் கடுகைவிடச் சிறிய ஒரு குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகி அதை அடக்கிவிட்டது. இதைவிட என்ன கதை வேண்டும்? மருந்தடித்தால் அந்தக் குளவி என்னவாகும் என்று படிக்கிற பிள்ளை தானாகவே கேட்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கும், தன் தோட்டத்தில் பார்த்த பூச்சியின் பெயர் என்றால் வாசிப்பு சற்று ஓடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமிருக்கிறது. அடுத்த கூட்டத்தில், கதைப் புத்தகங்களைப் பீரோவில் பூட்டாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கேளுங்கள். கிழிந்தால் கிழியட்டும். உங்கள் நிலத்தில் நீங்கள் கண்டதை ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளைகளைக் கதையாக எழுதச் செய்யலாம். படித்து முடித்ததும் கேள்வி-பதில் எழுதவைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாக வயலுக்கு அழைத்துப்போய்ப் பூச்சியைக் காட்டலாம். ஆனால் புதிதாக மருந்து தெளித்த வயலுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.