பட்டப்படிப்பு ஆட்டத்திற்குத் தடையா?



சுபாங் ஜெயாவில் அண்மையில் ஒரு தந்தை வினவினார்: “மகள் பல்கலைக்கழக ஸ்குவாஷ் அணியில் முதல்நிலை ஆட்டக்காரி. படிப்பை விட்டுத் தொழில்முறை ஆட்டத்திற்குப் போகலாமா, சார்?”

கெடாவில் பிறந்த சிவசங்கரி சுப்ரமணியத்தை எண்ணிப் பார்த்தேன். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டே தொழில்முறைப் போட்டிகளிலும் ஆடியவர் அவர். 2022இல் சாலை விபத்தில் படுகாயமுற்று, காமன்வெல்த் போட்டி வாய்ப்பை இழந்தார். மீண்டெழுந்து 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார்.

எல்லாருக்கும் அவ்வாறு மீளும் பேறு வாய்ப்பதில்லை. ஆட்டம் ஒருநாள் நின்றுபோனால் பிள்ளை எதைப் பற்றிக்கொள்வாள்? அதற்கு விடையுள்ளவளே தொழில்முறைக்கு ஆயத்தமானவள். “பட்டத்தை முடிக்கட்டும், ஆனால் தேர்வைக் காரணங்காட்டி மட்டையைப் பறிக்காதீர்கள்” என்றேன்.

தங்கள் கருத்து யாது?