400 கிலோ பேதியுப்பு

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மாரேட்பள்ளியில் இருக்கும் நண்பர் ஒருவரின் மகன் என்னை ஓரமாக அழைத்துப் போய், "சார், 400 கிலோ எப்சம் சால்ட் மலிவாக எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். எப்சம் சால்ட் வேறொன்றுமில்லை, நம் பாட்டிமார்கள் விளக்கெண்ணெய்க்கு மசியாத வயிற்றுக்குக் கரைத்துக் கொடுத்த பேதியுப்புதான். "செகந்திராபாத் முழுவதற்கும் பேதி கொடுக்கப் போகிறாயா?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பையனுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை. அமெரிக்காக்காரன் விழித்திருக்கும்போது இவனும் விழித்திருக்க வேண்டும். முதுகுவலி, பகலில் தூக்கம் வருவதில்லை. தொட்டியில் உப்பைக் கரைத்து, விளக்கை அணைத்து, அதன்மேல் மல்லாந்து மிதந்தால் உடம்பும் மனசும் ஓயும் என்று எங்கோ படித்திருக்கிறான். அதை வீட்டிலேயே கட்டிக்கொள்ள உத்தேசம். பெட்ரூம் மூன்றாம் மாடியில் இருக்கிறது.

இது பைத்தியக்கார யோசனை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1954ல் அமெரிக்காவில் ஜான் லில்லி என்ற டாக்டர், வெளிச்சமும் சத்தமும் இல்லாத தண்ணீருக்குள் மனிதனை விட்டால் மூளை என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். அப்போது சாதாரணத் தண்ணீர்தான், முகமூடி போட்டு முழுக வேண்டும். 1970களில் கிளென் பெர்ரி என்பவர் ஆழம் குறைந்த தொட்டியில் எப்சம் உப்பைக் கரைத்து, படுத்தபடியே மிதக்கும் பெட்டியைச் செய்து விற்றார். இன்று பல நாடுகளில் காசு வாங்கிக்கொண்டு மிதக்க விடுகிறார்கள். மனப் படபடப்பு குறைகிறது என்று ஆராய்ச்சிகளும் உண்டு. ஆனால் மெக்னீசியம் தோல் வழியாக ஏறி உடம்பைத் தேற்றுகிறது என்று விளம்பரத்தில் சொல்வதற்குப் போதிய ஆதாரமில்லை. உப்பின் வேலை நம்மைத் தூக்கிப் பிடிப்பது, அவ்வளவுதான்.

பையன் கேட்டது கடை விலாசம். அதற்கும் பதில் சொல்கிறேன். மருந்துக் கடையில் கிடைப்பது சின்னப் பொட்டலம், அதில் 400 கிலோ சேர்ப்பதற்குள் சேமிப்பு கரைந்துவிடும். உரக் கடையில் மெக்னீசியம் சல்பேட் என்று கேட்டால் மூட்டையாகவே தருவார்கள். தென்னை ஓலை மஞ்சளித்தால் மரத்துக்கு வருஷம் அரை கிலோ போடச் சொல்வார்களே, அந்தச் சரக்கு. இரசாயன வியாபாரிகளிடமும் மூட்டைக் கணக்கில் கிடைக்கும். தோல் பதனிடவும் துணி ஆலைக்கும் போகிற சரக்கு அது. விலை கடைக்குக் கடை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. உரமாக விற்பதைப் பயிருக்காகச் சோதிக்கிறார்கள், ஒரு மணி நேரம் மனிதன் அதில் ஊறுவான் என்று அல்ல. மூட்டையின் மேல் ஐ.பி., அதாவது இந்திய மருந்து நூல் தரம் என்று இருக்கிறதா, அந்த உற்பத்திக்கான சோதனைச் சான்றிதழ் தருவார்களா என்று கேட்க வேண்டும். தர மறுத்தால் அடுத்த கடை.

இன்னொன்று, ஹெப்டாஹைட்ரேட் என்ற சொல்லைப் பார்த்து வாங்குங்கள். எப்சம் உப்பின் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. ஒரு கிலோவில் சுமார் 512 கிராம் தண்ணீர், மிச்சம்தான் மெக்னீசியம் சல்பேட். நீர் நீக்கிய வகையும் சந்தையில் உண்டு, அதில் பாதி எடையே போதும். இது தெரியாமல் ஒன்றின் கணக்கில் மற்றதைக் கொட்டினால் எல்லாம் தப்பாகும். படிக உப்பைக் கரைக்கும்போது தண்ணீர் நன்றாகவே குளிர்ந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தோலின் சூடான 34, 35 டிகிரிக்கு அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கரைசல் பதமா என்று பார்க்க ஹைட்ரோமீட்டர் போதும். லாலாகுடாவில் ரயில் பெட்டிகளின் பாட்டரிகளுக்குள் அந்தக் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தே எனக்குப் பாதி வயசு போயிற்று. நல்ல பாட்டரி ஆசிட் காட்டும் 1.2 சொச்சத்தைத்தான் இந்தத் தொட்டியும் காட்ட வேண்டும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சாக்கடலின் தண்ணீரும் ஏறக்குறைய அந்த அடர்த்திதான்.

அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டேன். 600 லிட்டர் தண்ணீர், 400 கிலோ உப்பு, மொத்தம் ஒரு டன். 8 அடிக்கு 4 அடி தொட்டியில் இது ஓரடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பையனும் தொட்டியும் 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 370 கிலோ. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டாங்க் வைக்கும்போது கூட உத்திரம் எங்கே போகிறது என்று பார்த்துத் திண்டு கட்டி ஏற்றுகிறோம். பெட்ரூம் நடுவில் அதே எடையை வைக்கலாம் என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் நம்பாதீர்கள். கட்டட வரைபடத்தைப் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

எடையை விட எனக்குப் பயம் தந்தது கசிவு. தொட்டி என்றால் என்றாவது ஒழுகும். சாதாரணத் தண்ணீர் ஒழுகினால் கீழ்வீட்டுச் சுவரில் ஓதம், சண்டை, சுண்ணாம்பு அடித்துச் சமாதானம். மெக்னீசியம் சல்பேட் அப்படிப் போகாது. சிமெண்டுக்கு இதைப் போல விரோதி சில உப்புகள்தான். சல்பேட் கான்கிரீட்டுக்குள் புதிய படிகங்களாகி உப்பி விரிசல் விடச் செய்யும். மெக்னீசியமோ சிமெண்டின் பிடிப்பையே கரைத்து மாவாக்கும். உள்ளே கம்பி துருப்பிடிப்பது அதற்கப்புறம். டைல்ஸுக்குக் கீழே நடப்பது வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அவன் மாடியில் மிதக்கப் போகிறவன் ஒருவன். அதே கூரையின் கீழ் தூங்குகிறவர்கள் ஒரு குடும்பம். நம்மவர்கள் ஊரில் நிலத்தை விற்றும் பி.எப். பணத்தைப் போட்டும் இந்த ஊரில் வாங்கியது அந்தத் தளத்தில் ஒரு பங்குதானே? தன் வீட்டுக்குள் என்ன செய்தாலும் தன் இஷ்டம் என்பது தனி வீட்டுக்காரர் பேச்சு. அதனால் அடுக்குமாடியில் இந்தத் தொட்டி வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. அசோசியேஷன் அனுமதி கொடுத்தாலும் வேண்டாம்.

தண்ணீரைச் சூடாக்கக் கெய்சர் காயிலைத் தொங்கவிடப் போவதாக அவன் சொன்னபோது, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உப்புத் தண்ணீர் மின்சாரத்துக்கு ராஜபாட்டை, அதற்குள் ஆள் வேறு படுத்திருக்கிறான். ஹீட்டர் தொட்டிக்கு வெளியே, அடிப்புறத்தில் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கரும் சரியான எர்த்தும் இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது.

கடைசியில் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்றும் கேட்டேன். தோட்டத்துக்கு விடலாம், உரம்தானே என்றான். அரை கிலோ கணக்கில் 800 தென்னை மரத்துக்கு ஒரு வருஷத்து உரம் அது! அவன் வீட்டில் இருப்பது நாலு குரோட்டன்ஸ் தொட்டி. மழைநீர்க் குழியில், தெலுங்குக்காரர்கள் இங்குடு குந்த என்பார்களே, அதில் விட்டால் அக்கம்பக்கத்துப் போர்வெல்லெல்லாம் பேதித் தண்ணீராகும். பட்டான்செரு பக்கம் ஆலைக் கழிவு இறங்கிக் கிணறுகள் கெட்ட கதை சுப்ரீம் கோர்ட் வரை போனதை நாமெல்லாம் பேப்பரில் படித்தவர்கள்தான்.

பையன் முகம் தொங்கிவிட்டது. அவன் தூக்கமில்லாமல் தவிப்பது நிஜம், அதை நான் கேலி செய்யவில்லை. முதலில் முதுகை ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அதற்கிடையில் ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி பேதியுப்பைப் போட்டுக் காலை ஊறவைப்பதில் தப்பில்லை. சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்கள் மட்டும் செய்ய வேண்டாம், சூடு தெரியாமல் புண்ணாகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பைப் பழைய வழக்கப்படி குடிக்கவும் கூடாது.

போன வாரம் மறுபடி வந்தான். மல்காஜ்கிரியில் அவன் தாய்மாமா வீட்டில் தரைத்தளத்து ஷெட் ஒன்று காலியாக இருக்கிறதாம். பைபர் தொட்டி, கீழே ரப்பர் ஷீட், கசிந்தால் பிடிக்க ஒரு தட்டு என்று படம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். எர்த் எங்கே என்று கேட்டேன். படத்தை மடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.