சாய்ந்த பக்கெட்டுக்கு சிலிண்டர் மீது பழி

சிறிய டிராக்டரின் முன்பக்க லோடரில் பக்கெட் ஒருபக்கம் தாழ்ந்தால், உடனே ஹைட்ராலிக் சிலிண்டரைப் பிரிப்பது வீண் செலவு. இரண்டு தூக்கு சிலிண்டர்களுக்கும் எண்ணெய் ஒரே வால்விலிருந்து பிரிந்து போகிறது. லோடரின் இரு தூக்குக் கைகளையும் குறுக்கே ஒரு கனத்த குழாய் இணைத்திருக்கிறது. ஒரு சிலிண்டரில் சீல் தேய்ந்தாலும் இரு கைகளும் சேர்ந்தேதான் இறங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பின் டயர்களின் காற்றை. முன் அச்சு நடுவில் ஆடக்கூடியது. வண்டியின் சாய்வைத் தீர்மானிப்பவை பின் சக்கரங்கள்தான். காற்றைச் சமமாக்கி, சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, பக்கெட் விளிம்பின் இரு முனைகளின் உயரத்தையும் டேப்பால் அளக்க வேண்டும். பிறகும் வித்தியாசம் இருந்தால் தேய்ந்த இணைப்பு ‘பின்’கள் (pin), புஷ்கள், சேஸியில் லோடரைப் பிடிக்கும் போல்ட் ஆகியவற்றைச் சோதிக்கலாம். இவை மலிவான பாகங்கள்.

இதையெல்லாம் தாண்டியும் சாய்வு நீடித்தால், கை முறுகியிருக்கலாம். பக்கெட்டின் ஒரு மூலையை மட்டும் கொடுத்து மரவேரை நெம்புவது இதற்கு முக்கியக் காரணம். முறுகிய கையைச் சூடேற்றி நிமிர்த்துவது ஆபத்து. இரும்பின் வலு குறைந்துவிடலாம். சாய்வு சிறிதென்றால் அப்படியே விட்டு ஓட்டுவது மேல், பெரிதென்றால் கையையே மாற்ற வேண்டும். எந்த வேலையானாலும், முட்டுக் கொடுக்காமல் தூக்கிய கைகளுக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது.