மிச்சம் ஆறு பேங்க் எங்கே?

குடும்பத்தில் பி.காம். படித்தவன் ஒருத்தன் இருந்துவிட்டால் போதும். சொந்தக்காரர்களின் வருமானவரி, வாடகை ஒப்பந்தம், ஜாதகம் டைப் அடிப்பது எல்லாம் அவன் தலையில். என் மச்சினனின் எம்.காம். பிராஜெக்ட்டும் அப்படித்தான் வந்து விழுந்தது.

2020 ஜூலை. ஆன்லைனில் வைவா. பயல் மேலே டை, கீழே லுங்கி. நான் கேமராவுக்குத் தெரியாமல் சுவரோரம், தைரியம் சொல்ல.

'பொதுத்துறை வங்கிகள் மொத்தம் 18' என்று முதல் பக்கத்திலேயே எழுதி, ஆதாரமாக விக்கிபீடியா லிங்க் கொடுத்திருந்தான். எக்ஸ்டர்னல் பொல்லாதவர். அங்கேயே லிங்க்கைத் தட்டினார். பக்கத்தில் 12.

"மிச்சம் ஆறு எங்கே தம்பி?"

திருட்டெல்லாம் போகவில்லை சார். ஏப்ரல் 1-ம் தேதி பத்து பேங்க்கை நாலாக்கிவிட்டார்கள். அலகாபாத் நம்ம இந்தியன் பேங்க்கில் ஐக்கியம், சிண்டிகேட் கனராவில்... இது அவருக்கும் தெரியும்.

"நீ எழுதினப்போ 18-தான். ஒத்துக்கறேன். ஆனா என்னிக்குப் பார்த்தேன்னு தேதி போட்டியா?"

போடவில்லை. பத்து நாளில் எல்லா லிங்க்கையும் சரிசெய்து தர வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம். பாஸானால்தான் செல்லும் என்ற வேலை ஆர்டர் ஒன்று பீரோவில் இருந்தது. "அத்தான்..." என்று அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது.

ராத்திரி உட்கார்ந்தோம். விக்கிபீடியா பரவாயில்லை, நல்ல கணக்குப்பிள்ளை. யார், என்றைக்கு, எதைத் திருத்தினார் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் பேரேடு வைத்திருக்கிறது. ஜனவரித் தேதியைத் தட்டினோம். அன்றைய பக்கம் அப்படியே, தனி நம்பர் போட்ட லிங்க்கோடு வந்தது. 18 பேங்க்கும் உயிரோடு!

மற்றவைதான் படுத்தின. ஓர் இலாகா தளத்துக்குப் புதுசாக வெள்ளையடித்ததில் பழைய பக்கங்கள் போயே போச்சு. அதற்குத்தான் 'வேபேக் மெஷின்'. சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பழைய பேப்பர் கடை. விலாசத்தைக் கொடுத்தால், எந்தத் தேதியில் நகல் எடுத்தார்களோ அந்தக் கோலத்தில் காட்டும். நகல் எடுக்காத இரண்டு மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த இரண்டு பாராவையும், பெற்ற பிள்ளையைப் பிரிகிற மாதிரி வெட்டினான்.

பயலை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில், 2011 வீடியோ கேம் வழக்கில், நீதிபதி அலிட்டோ ஒரு வெப்சைட்டை ஆதாரம் காட்டினார். அந்த விலாசம் காலாவதியானதும் யாரோ ஒரு குறும்பர் அதை வாங்கி, தீர்ப்பில் லிங்க் கொடுப்பதையே நக்கலடித்து எழுதிப் போட்டுவிட்டார்! 2013-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளிக்காரர்கள் எண்ணிப் பார்த்தபோது, அந்தக் கோர்ட் தீர்ப்புகளில் உள்ள லிங்க்குகளில் ஏறக்குறைய பாதி, சொன்ன சரக்கைக் காட்டவில்லை.

மச்சினன் பாஸ். இப்போது எதை எழுதினாலும் 'பார்த்த தேதி' போடுகிறான். அது அவன் அக்காவுக்கும், அதாவது என் மனைவிக்கும் தொற்றிக்கொண்டதுதான் வினை.

"கல்யாணத்துக்கப்புறம் பாத்திரம் நான்தான் தேய்ப்பேன்னு சொன்னீங்க. 2016 பிப்ரவரி 14, சாயங்காலம் ஆறு மணி, மெரினா."

இதில் திருத்தம் வந்து ரொம்ப நாளாச்சு என்று சொல்லிப் பார்த்தேன். பழைய பதிப்புதான் செல்லுமாம். தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.