பேட்டரி போகலை, வாய்தான் செத்துப்போச்சு!



சர்க்யூட் டயகிராமில் ஒரு பேட்டரி போடு என்றால் நமக்கு இரண்டு நொடி வேலை. நீளமாக ஒரு கோடு, குட்டையாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் கம்பி. முடிந்தது! அந்தக் கோட்டில் கம்பி எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று நான் பார்த்த வரையில் எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை. இரண்டு மார்க் கேள்வியாகக்கூட வந்ததில்லை.

லேபுக்கு வந்தால்தான் வண்டவாளம் தெரியும். பெரிய கட்டையின் இரண்டு பக்கமும் கம்பியை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றுகிறோம். டேப் இல்லாவிட்டால் ரப்பர் பேண்ட். அதுவும் இல்லாவிட்டால் ஒருவன் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் அவசர அவசரமாக ரீடிங் எடுக்கிறான். பிடித்தவனுக்குத் தும்மல் வந்தால் ரீடிங்கும் போச்சு! பிறகு "பேட்டரி வீக்கா இருக்கு சார்" என்று சொல்லிப் புதுக் கட்டை கேட்கிறோம்.

உலர் மின்கலத்தில் கம்பி சேருகிற இடம், அதாவது டெர்மினல், யோசித்து வடிவமைக்க வேண்டிய ஒரு உருப்படி என்பது என் கருத்து. அதை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே நாம் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

லெக்லான்ஷே 1866-ல் செய்தது ஈரக் கலம். ஜெர்மனியில் காஸ்னர் 1886-ல் அதையே சிந்தாத உலர் கலமாக மாற்றிக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் 1896-ல் வந்த 'கொலம்பியா' கலம் ஆறு அங்குல உயரம், டெலிபோனுக்கென்று செய்தது. 'நம்பர் 6' என்று அந்த அளவுக்குப் பெயர். அதன் மேல்தலையில் இரண்டு பித்தளைத் திருகு, அதற்கு நர்லிங் போட்ட நட். கம்பியைச் சுற்றி விரலாலேயே முறுக்கிவிடலாம், ஸ்பானர் வேண்டாம். பின்னால் ஃபானஸ்டாக் கிளிப் என்று ஒன்று வந்தது. 1907-ல் காப்புரிமை பெற்றது. ஒரே ஒரு பட்டைத் தகடு, அதை மடித்து வில் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். விரலால் அமுக்கு, கம்பியைச் சொருகு, விரலை எடு. கம்பியைக் கவ்விக்கொள்ளும். கழன்று விழுந்து தொலைய நட் கிடையாது, வாஷர் கிடையாது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பள்ளிக்கூட அறிவியல் பெட்டிகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். எனக்கு இந்த மாதிரிச் சின்னப் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் மீதுதான் பொறாமை!

அந்தக் கலத்தை வாங்கியவன் கையில் கம்பியோடு வந்தான். டார்ச் லைட் வந்ததும் நிலைமை மாறியது. டார்ச்சுக்குள் போகிற கட்டைக்குக் கம்பி எதற்கு? குழாய்க்குள் தள்ளி மூடியைத் திருகினால் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். எனவே மேலே ஒரு மொட்டு, கீழே ஒரு தட்டை என்று கட்டை மொழுமொழுவென்று ஆகிவிட்டது. பெட்டிக்குள் போகிறவரை வசதி. கம்பியில் இணைக்க வேண்டிய நம்மைப் போன்றவர்கள்தான் டேப்பும் ரப்பர் பேண்டுமாக நிற்கிறோம்.

சரி, பெட்டிக்குள்ளாவது ஒழுங்காக இருக்கிறதா?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மற்றவர் வயலுக்குத் தண்ணி கட்டப் போவார். எங்க ஊரில் மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரி முறையில் வந்த காலத்தில், பன்னிரண்டு மணியானாலும் ஒரு மணியானாலும் எழுந்து போவார். கையில் மண்வெட்டி, ரெண்டு கட்டை டார்ச். அந்த டார்ச் எரிந்ததைவிட அவர் தட்டியதுதான் அதிகம். உள்ளங்கையில் ரெண்டு தட்டு, எரியும். பத்தடி நடந்தால் மங்கும். மறுபடி தட்டு. ஒரு நாள் நடு வரப்பில் சுத்தமாக அணைந்துவிட்டது. காலுக்கு முன்னால் ஏதோ சரசரவென்று போகிற சத்தம். அது எது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல், அசையாமல் நின்றபடி டார்ச்சைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது: "கட்டை நல்லாத்தான் இருக்கு. வாய்தான் செத்துப்போச்சு."

அவர் மூன்றாவது வரைக்கும் படித்தவர். அவர் 'வாய்' என்று சொன்னதுதான் நம் பாடத்தில் தொடுமின்தடை, கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ். அதற்கு அவர் வைத்தியமும் செய்தார். தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் கட்டையின் அடியைத் தேய்ப்பார். சிகரெட் பெட்டியில் வரும் வெள்ளித் தாளை மடித்து ஸ்பிரிங்குக்கு அடியில் வைப்பார். முதலாவது துருவை எடுக்கிறது. இரண்டாவது ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. இரண்டும் சரியான வைத்தியம்! எனக்கு அதன் பெயர்கள் தெரிவதற்குப் பாலிடெக்னிக் வர வேண்டியிருந்தது.

இரண்டு உலோகம் ஒன்றையொன்று முழுதாகத் தொடுவதில்லை. பளபளவென்று பாலிஷ் போட்டாலும் சில புள்ளிகளில்தான் தொடும். அந்தப் புள்ளிகளின் மேல் துருவோ களிம்போ படிந்தால் கரண்ட்டுக்கு வழி அடைபடும். தட்டும்போது அந்தப் படலம் கீறுபட்டுப் புது இடம் தொடுகிறது. அதனால்தான் எரிகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெண்டு கட்டை டார்ச்சில் மூடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு தொடுமிடம், ஸ்பிரிங்–கட்டை ஒன்று, கட்டை–கட்டை ஒன்று, கட்டை–பல்பு ஒன்று, பல்பின் கழுத்தில் ஒன்று, சுவிட்சில் ஒன்று. ஆக ஆறு. ஒவ்வொன்றிலும் 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.6 ஓம். அரை ஆம்பியர் இழுக்கிற பழைய குண்டு பல்பு என்றால் 0.3 வோல்ட் வழியிலேயே காலி. பல்புக்கு வேண்டியது 2.4 வோல்ட். எட்டில் ஒரு பங்கு வோல்ட்தானே போகிறது என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வெளிச்சம் வோல்டேஜைவிட வேகமாகக் குறையும், ஏறக்குறைய 3.4 அடுக்கில். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? நல்ல கட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறோம். கூலிக்காரர் வீட்டில் ஒரு ஜோடி கட்டை சும்மா வருவதா?

கட்டை போச்சா, வாய் போச்சா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல்பு எரியும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, இணைப்பின் இந்தப் பக்கம் ஒரு முள், அந்தப் பக்கம் ஒரு முள் வையுங்கள். நல்ல இணைப்பு என்றால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். காட்டுவது எவ்வளவோ அவ்வளவையும் அந்த இணைப்பு தின்கிறது என்று அர்த்தம். கட்டையையும் லோடு இருக்கும்போதே அளக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்தால் சாகப்போகிற கட்டையும் 1.4 காட்டி ஏமாற்றும்.

இப்போது டெர்மினலுக்கு வருவோம். எந்த உலோகத்தில் செய்வது? தாமிரம் நன்றாகக் கடத்தும், ஆனால் வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும், திருப்பி அழுத்தாது. ஸ்பிரிங் எஃகு அழுத்தும், ஆனால் துருப்பிடிக்கும். நிக்கல் முலாம் வேண்டும். பாஸ்பர் பிரான்ஸ் தகடு இரண்டையும் ஓரளவு நன்றாகவே செய்யும். விலைதான் கொஞ்சம் கூட. மலிவுப் பெட்டிகளில் முலாம் பெயருக்குத்தான் இருக்கிறது. கட்டையின் நாகக் கூடு வேலை செய்யச் செய்யக் கரைகிறது. தீர்ந்த கட்டையை எடுக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் உப்புக் குழம்பு கசிந்து முதலில் தின்பது ஸ்பிரிங்கைத்தான். ஆக, டெர்மினல் செய்கிறவன் உயிருள்ள கட்டையை மட்டும் நினைத்துச் செய்தால் போதாது, செத்த கட்டைக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

அளவும் முக்கியம். பெரிய கட்டையின் உயரம் தர அளவுப்படி 59.5 முதல் 61.5 மி.மீ. வரை இருக்கலாம். இரண்டு கட்டை என்றால் 119-லிருந்து 123 வரை. குட்டையான ஜோடியையும் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்க வேண்டும், நெட்டையான ஜோடி போட்டாலும் நசுங்கிக் கட்டியாகிவிடக் கூடாது. அதற்குத்தான் கூம்பு ஸ்பிரிங்; அமுக்கினால் சுற்றுக்குள் சுற்றாகப் படுத்துக்கொள்ளும்.

கட்டையிலேயே நேராக ஈயம் வைத்துக் கம்பியைப் பற்றவைப்பது நம் ஹாஸ்டலில் பிரபலம். தயவுசெய்து வேண்டாம்! சூட்டில் உள்ளே உள்ள அடைப்பு இளகி, கட்டை கசிய ஆரம்பிக்கும். தொழிற்சாலையில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டு செய்வார்கள். சூடு ஒரு கணம்தான். திருகின் கீழ் வைக்கும் பல இழைக் கம்பிக்கு ஈயம் பூசுவதும் நல்லதில்லை. ஈயம் நாளாக ஆக நசுங்கிக்கொடுத்து இணைப்பு தளர்ந்துவிடும். முறுக்கிக் கொக்கி போட்டாலே போதும். கொக்கி நட் திரும்பும் திசையிலேயே, அதாவது வலப்பக்கமாக இருக்க வேண்டும். இறுக்க இறுக்கக் கம்பி உள்ளே போகும். எதிர்த் திசையில் போட்டால் பிதுங்கி வெளியே வரும்.

"கடையில் பிளாஸ்டிக் ஹோல்டர் விற்குதே, அதை வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். வாங்கலாம். அதில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய கம்பி தொங்கும். எத்தனை நாளைக்கு? கம்பி முறிவது எப்போதும் அடிவேரில்தான். அந்த இடத்தில் இழுப்பைத் தாங்க ஒரு துளை போட்டுக் கம்பியை நுழைத்து எடுத்திருந்தால் முறியாது. அந்த ஒரு துளையை யாரும் போடுவதில்லை.

"இப்போ எல்லாம் சார்ஜ் லைட் வந்துடுச்சு, இனிமே கட்டை எதுக்கு?" என்று இன்னொருவன். சுவர்க் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் இன்னும் கட்டைதான். சார்ஜ் செய்கிற லித்தியம் கலமும் பெரும்பாலும் உருளைதான், அதற்கும் ஹோல்டரும் ஸ்பிரிங்கும் உண்டு. அதில் இரண்டு ஆம்பியர் எடுத்தால், அதே 0.1 ஓம் 0.4 வாட் சூடாக மாறும். கவலை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

ஆகவே என் யோசனை இது. முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் நாம் எல்லோரும் 'வி' ஜாயின்ட், ஸ்கொயர் ஜாயின்ட் அராவுகிறோம். தோள் வலிக்க அராவி, மார்க் வாங்கிய பிறகு அது எங்கே போகிறது? ஸ்கிராப் மூலைக்கு! அராவக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. அதே தேர்ச்சியை ஒரு பேட்டரி ஹோல்டர் செய்து காட்டக் கூடாதா? தகடு வெட்டுவது, மடிப்பது, துளையிடுவது, டேப் போடுவது, அராவுவது எல்லாம் அதில் வந்துவிடும். இறுதியில் லேபுக்கு ஒரு உருப்படி மிஞ்சும். ஒரு பேட்ச் செய்தாலே எல்லா மேஜைக்கும் போதும். நம் மாணவர் பேரவை இதை முதல்வரிடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்.

என் டிசைனைச் சொல்லிவிடுகிறேன். உள்விட்டம் 36 மி.மீ. வரும் பிவிசி குழாய், 132 மி.மீ. நீளம், கட்டை 34.2-க்கு மேல் பருமன் இருக்காது. இரண்டு பக்கமும் மரத்தில் மூடி. ஒரு மூடியில் கூம்பு ஸ்பிரிங், மற்றதில் பாஸ்பர் பிரான்ஸ் தகடு. தகட்டின் மேல் ஒரு மி.மீ. கனத்தில் 11 மி.மீ. துளையுள்ள பேக்லைட் வளையம். கட்டையின் மொட்டு அந்தத் துளைக்குள் போய்த் தகட்டைத் தொடும். யாராவது கட்டையைத் தலைகீழாகப் போட்டால் தட்டை அடி வளையத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும், கரண்ட் வராது. வெளியே இரண்டு பித்தளைத் திருகு. பிளஸ் பக்கம் வட்ட நட், மைனஸ் பக்கம் சதுர நட். ஒன்பது வோல்ட் பேட்டரியில் இரண்டு பொத்தானும் வேறு வேறு வடிவத்தில் இருப்பதைப் பார்த்து வந்த யோசனை. இருட்டில் விரலால் தடவினாலே எது எது என்று தெரிய வேண்டும். வரப்பில் நிற்கிறவருக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான்.

டிராயிங் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டாம் வருட டிரிபிள் ஈ வகுப்பில் வந்து கேட்கலாம். திருகு எம்4 போட்டிருக்கிறேன். எம்3 போதும் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சொல்கிறார்கள். எம்3 நட்டை ஈரக் கையால் திருகிக் காட்டினால் மாற்றிக்கொள்கிறேன்!