இணைப்பு அறுந்தால் கணனியையா அழிப்பது?

கடந்த வாரம் என் வீட்டு மேசைக் கணனியில் வைஃபை இணைப்பு திடீரென அற்றுப்போனது. திருத்த வந்தவர் ஒரு கேள்வியும் கேளாமல், "ஐயா, போர்மட் அடிச்சால் எல்லாம் சரிவரும்" என்றார். இருபது ஆண்டுகளாக நான் எழுதிய கட்டுரைகள் அந்த வன்தட்டில்தான் உள்ளன. வேறு பிரதி இல்லை. அது என் தவறு. ஆனால், நோயை விசாரியாமலே கத்தியை எடுப்பது எந்த வைத்தியம்?

அவரை அனுப்பிவிட்டு நானே ஆராய்ந்தேன். கைத்தொலைபேசி அதே ரவுட்டரில் தடையின்றி இயங்கியது. ஆகவே, இணைய சேவையில் பழுதில்லை. கணனியின் ஐபி முகவரியோ 169.254 எனத் தொடங்கியது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் எண் அது. கணனிப் பெட்டியின் பின்புறத்தில், உலோகத்துக்கும் சுவருக்கும் இடையே, யூஎஸ்பி வைஃபை கருவி ஒடுங்கிக் கிடந்தது. உலோகம் அலைகளை மறிக்கும். நீட்டிப்பு வயர் ஒன்றினால் அதனை மேசைமேல் கொண்டுவந்தேன். இணைப்பு மீண்டது. கட்டுரைகளும் தப்பின.

அறியாமை குற்றமன்று. ஆராயாமல் அழிக்கச் சொல்லி, அதற்குக் கூலியும் கேட்பது குற்றமே. அத்தகையவர் நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம். இன்றே பிரதி எடுத்து வையுங்கள். வந்தவரிடம் முதலில் "காரணம் என்ன?" என்று கேளுங்கள். பதில் இல்லையேல், வாசலைக் காட்டுங்கள்.