சோழியும் செயலியும்

கிளிக்கூண்டைச் சுமந்து வந்து, மரத்தடியில் துணி விரித்து, சீட்டெடுத்துப் பலன் சொன்ன சோதிடரை நம் ஊர்ப்புறங்களில் இன்று காண்பது அரிதாகி வருகிறது. சோதிடம் அரிதாகிவிடவில்லை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இரவு வேலைக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளியின் சட்டைப்பையில் அது குடியேறியிருக்கிறது. கைப்பேசியைத் திறந்து பிறந்த நாள், நேரம், ஊர் ஆகிய மூன்றையும் கொடுத்தால் போதும். வேலை நிரந்தரமாகுமா, திருமணம் எப்போது கைகூடும், கடன் என்று தீரும் என்னும் கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில், அதுவும் பிழையற்ற தமிழில், விடை எழுதித் தருகிறது. அவ்வாறு கேட்போருள் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவோரும், வில்லியனூர் லூர்து அன்னையின் திருவிழாவுக்கு நடந்தே செல்வோரும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

"கிளியை நம்பினால்தான் மூடநம்பிக்கை, கணிப்பொறி சொல்வது அறிவியல் அல்லவா, சாமி?" என்று படித்த இளைஞர் நம்மிடம் வாதிடுகின்றனர். இதற்கு விடை தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியின் வரலாற்றிலேயே அது கிடக்கிறது.

சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றியிருந்த ஜான் வாரன் என்பார், தமிழரின் காலக்கணக்கு முறைகளை ஆராய்ந்து 1825ஆம் ஆண்டில் 'காலசங்கலிதம்' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அவர் தேடிச் சென்றார். அக்கணிதர் தாளையும் எழுதுகோலையும் நாடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்தார். சோழிகளை நகர்த்தி நகர்த்தி, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கண்ட பிழை நான்கு நிமிடங்களே. ஆனால் அக்கணக்கின் பின்னுள்ள வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்பதையும் வாரன் வியப்போடு குறித்து வைத்தார். பொருள் அறியாமலேயே சரியான விடை! நம் முன்னோரின் நினைவாற்றலுக்கு நாம் தலை வணங்கத்தான் வேண்டும்.

இன்றைய செயலி அச்சோழிக் கணிதரின் வழித்தோன்றலே. கோள் எங்கே நிற்கிறது என்பதை அது அவரினும் நுட்பமாகச் சொல்லும், அதில் பொய்யில்லை. பொய் தொடங்குவது அடுத்த அடியில். சனி இன்ன இடத்தில் நிற்கிறது என்பதிலிருந்து, உன் வேலை இவ்வாண்டு நிரந்தரமாகாது என்பதற்குத் தாவுகிறார்களே, அத்தாவலுக்குச் சோழியும் கிடையாது, சூத்திரமும் கிடையாது. அங்கே எழுதுவது மொழிப்பொறி. கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லைத் தொடர்ந்து எந்தச் சொல் வந்தது என்பதைப் பழகிக்கொண்டு, அந்தப் பழக்கத்தால் வாக்கியம் தொடுக்கும் பொறி அது. சோதிட நூல்களின் நடை அதற்குக் கைவந்தது. கேட்பவர் மனம் குளிரும்படி பேசவும் அது பழக்கப்பட்டிருக்கிறது. கேள்வியைச் சற்றே திருப்பிக் கேளுங்கள், பலனும் திரும்பிக்கொள்ளும்.

கோளின் இடத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு என்பது நம் ஒன்றியப் பகுதியினர் அனைவரும் கண்டதே. சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்தது 2023 சனவரியில் என்றது திருக்கணிதம். வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அவ்விழா 2023 டிசம்பர் 20ஆம் நாள் நடந்தது. அடுத்த பெயர்ச்சிக்கும் அதே கதை: 2025 மார்ச் 29 என்றது ஒன்று, 2026 மார்ச் என்றது மற்றொன்று. பிறர் வழிபாட்டை எள்ளுவது நம் கருத்தன்று. அவர்கள் தங்கள் மரபைப் போற்றுகிறார்கள். நாம் கேட்பது செயலிக்காரரை: வானில் இருப்பது ஒரே சனி, நாளோ ஓராண்டு தள்ளி இரண்டு, உங்கள் பொறி எதைப் பின்பற்றிப் பலன் சொல்கிறது? வாங்குவோருக்கு அதைச் சொல்கிறீர்களா?

தூய அகுஸ்தினாரும் இளமையில் சோதிட நூல்களில் மூழ்கிக் கிடந்தவரே. பிர்மீனுஸ் என்னும் நண்பர் சொன்ன செய்தி அவரை விடுவித்தது. பிர்மீனுஸ் செல்வர் வீட்டில் பிறந்த அதே கணத்தில், தந்தையின் நண்பர் வீட்டில் அடிமைப் பெண் ஒருத்திக்கும் குழந்தை பிறந்தது. இரு வீட்டாரும் சோதிடப் பித்தர்கள். ஆகவே நேரத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டார்கள். ஒரே கட்டம், ஒரே கோள்நிலை. ஒருவர் செல்வத்திலும் சிறப்பிலும் வளர்ந்தார். மற்றவர் அடிமையாகவே உழைத்தார். நம் காலத்தில் வானியலறிஞர் ஜெயந்த் நர்லிகர் மராட்டியத்தில் இதையே வேறு வகையில் சோதித்தார். அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரின் சாதகங்களைக் கலந்து கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னார். முழுமையாக விடையளித்த 27 சோதிடர்களின் சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் ஐம்பது கிடைத்திருக்கும்.

அந்த அடிமைப் பிள்ளையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவனை அடிமையாக வைத்திருந்தது எந்தக் கோள்? எதுவுமில்லை, வைத்திருந்தவர் அவனை உடைமையாக்கிக் கொண்ட மனிதர். நம் சினம் மூடநம்பிக்கையின் மீது மட்டுமன்று. இந்த மறைப்பின் மீதுதான் பெரிது. பத்தாண்டு உழைத்தும் ஒப்பந்தக் கூலியாகவே இருக்கும் இளைஞன், "என் வேலை ஏன் நிரந்தரமாகவில்லை?" என்று கேட்கிறான். அது ஒப்பந்தக்காரரிடமும் ஆலை நிருவாகத்திடமும் அரசிடமும் கேட்க வேண்டிய கேள்வி. செயலி அதை வாங்கிச் சனியின் முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. சனி குற்றவாளியானால் வேறு யாரும் குற்றவாளியில்லை! 1891ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் உரிமைக்காகத் தம் சுற்றுமடலை எழுதினார். 2025 மே மாதம் திருப்பீடம் ஏறிய பதினான்காம் லியோ, அந்தப் பெயரைத் தாம் தேர்ந்ததற்கு அச்சுற்றுமடலையும் செயற்கை நுண்ணறிவு எழுப்பும் தொழிலாளர் கேள்விகளையுமே காரணமாகக் காட்டினார். (சிங்கராயர் என்றாலும் லியோ என்றாலும் ஒன்றே என்பதை இளையோர்க்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

வணிகத்தின் அளவையும் பார்ப்போம். 2017இல் தொடங்கப்பட்ட ஆஸ்ட்ரோடாக் என்னும் ஒரு நிறுவனத்தின் வருவாய் மட்டும் 2023-24 நிதியாண்டில் 600 கோடி ரூபாயைத் தாண்டியது. இத்துறையில் பரவலாக வழங்கும் முறை, நிமிடத்திற்கு இவ்வளவு என்று முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்வது. முதல் உரையாடல் இலவசம்; பிறகு ஆட்டோ மீட்டர் போல ஓடத் தொடங்கும். பேச்சு நீண்டால் இலாபம், கவலை தீர்ந்தால் நட்டம் என்னும் கணக்கில் எவர்தாம் கவலையைத் தீர்ப்பார்? மனிதச் சோதிடராவது உறங்குவார், சில வேளை இரங்கிப் பணம் வேண்டாம் என்பார். பொறிக்கு இவ்விரண்டு குறைகளும் இல்லை. போதாக்குறைக்குப் பிறந்த நேரம், கைப்பேசி எண், கடன், காதல், நோய் எல்லாவற்றையும் நாமே வலியத் தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறோம்.

திருமணப் பேச்சிலோ இது இன்னும் கூர்மையாக வெட்டுகிறது. "நாங்கள் சாதகம் பார்ப்பதில்லை" என்று சொல்லும் கத்தோலிக்கக் குடும்பம், இரவில் செயலியில் பொருத்தம் பார்த்துவிட்டு மறுநாள் பெண்ணை வேண்டாம் என்கிறது. வரதட்சணை போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவோர்க்குச் செவ்வாய் நல்ல திரை. 1992ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் குறிபார்த்தலையும் சாதகம் கேட்டலையும் ஐயத்திற்கிடமின்றி விலக்குகிறது. 2025 சனவரி 28இல் உரோமை வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு பற்றிய குறிப்புரை தொழில்நுட்பத்தைப் பழிக்கவில்லை. பொறியை மனிதனின் இடத்தில் அமர்த்துவதைத்தான் எச்சரிக்கிறது.

"எங்கள் கவலையை நள்ளிரவிலும் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்போர்க்கு மறையுரை விடையாகாது. அன்பியத்தில் பத்துக் குடும்பங்கள் கூடுகின்றனவே. அங்கே வாசகம் முடிந்ததும் கலைந்துவிடாமல், வேலை போனவர் பேசுவதற்கு அரைமணி ஒதுக்கலாம். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் ஒரு வேளையை இதற்கென்றே வைக்கலாம். பெற்றோர் இருவர் தம் கைப்பேசிகளை எடுக்கட்டும். ஒரே பெண், ஒரே பையன், ஒரே பிறந்த நேரம். வெவ்வேறு செயலிகளில் பொருத்தம் கேட்டு, வரும் விடைகளை எல்லோர் முன்னும் உரக்க வாசிக்கட்டும்.